சந்தன வெண்ணெய்

பெட்டி இருந்தது. பெட்டிக்குள் மடித்து வைத்த பட்டுத்துணி இருந்தது. துணிக்குள் இருக்கவேண்டிய கெம்புப் பதக்கத்தை மட்டும் காணோம்.

மணப்பெண் லூர்தம்மாள் துணியை உதறினாள். பெட்டியைக் கவிழ்த்தாள். டிரங்குப் பெட்டியிலிருந்த சேலைகளையெல்லாம் வெளியே வாரிப் போட்டாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்து, "அத்தை!" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டுக் கொல்லையில் இருந்தவர்கள்கூட உள்ளே ஓடி வந்தார்கள்.

1932, தை மாதம். மறுநாள் காலை ஆம்பூர் மாதா கோயிலில் அவளுக்குக் கல்யாணம். அந்தப் பதக்கம் அவளுடைய அம்மாவுடையது. அம்மாவின் முகமே அவளுக்குச் சரியாக நினைவில்லை. பதக்கத்தைப் பார்த்துத்தான் அம்மாவை நினைத்துக்கொள்வது அவள் வழக்கம்.

பிற்பகல் இரண்டு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் வேலாயுதம் கான்ஸ்டபிள் கன்னியப்பனுடன் வந்து சேர்ந்தார். கல்யாண வீட்டுத் திருட்டு என்றாலே அவருக்குக் கசப்பு. பொருள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அந்த வீட்டில் சொந்தம் இல்லாதவர் யாரோ, அவர் மேல்தான் முதலில் எல்லார் கண்ணும் விழும். ஒருதரம் விழுந்த கண் லேசில் விலகாது.

இங்கேயும் அப்படித்தான் இருந்தது. கூடத்தில் எல்லாரும் ஒரு பக்கம் நின்றார்கள். எதிர்ப்பக்கத்தில் தூணோரமாக, பிரம்புக் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு, வெள்ளைச் சேலையில் ஒருத்தி தனியாக நின்றாள். நாற்பது வயதிருக்கும். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் சவுரியம்மாள்.

"வாசக்கதவைச் சாத்தியாச்சுங்க. காணோம்னு தெரிஞ்சதுலேர்ந்து யாரும் வெளியே போகலை," என்றார் வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி. தோல் பதனிடும் டேனரி ஒன்றில் தலைமை மேஸ்திரி. ஊற வைத்த தோலின் வாடை அவர் சட்டையிலிருந்து இன்னும் போகவில்லை. "நான் விடியறதுக்கு முன்னாலேயே வேலைக்குப் போய்ட்டேன். ஆள் வந்து சொன்னப்புறம்தான் ஓடி வர்றேன்."

"டேனரி வாட்ச்மேன் உங்களைப் பார்த்தாரா?"

"அங்கே கேட்டுலதான் உக்காந்திருக்கான். கேட்டுக்கலாம்."

வேலாயுதம் மணப்பெண்ணின் பக்கம் திரும்பினார். "கடைசியா எப்பம்மா பார்த்தே?"

"நேத்து சாயங்காலம். நானும் அத்தையும் எடுத்துப் பார்த்துட்டு வெச்சோம்."

"பெட்டிச் சாவி?"

"கதவுக்குப் பின்னால ஆணியில தொங்கும். வீட்ல எல்லாருக்கும் தெரியும்."

அத்தை பூவம்மாள் முன்னால் வந்தாள். ஆரோக்கியசாமிக்கு அக்கா. புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். லூர்துவைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தது அவள்தான். கையில் ஜெபமாலை.

"போலீஸைக் கூப்பிடச் சொன்னதே நான்தாங்க. மொதல்ல என் பெட்டியைப் பாருங்க. அப்புறம் மத்தவங்களைப் பாருங்க. யாரையும் விடாதீங்க."

அவள் பெட்டியில் இரண்டு சேலை, ஒரு ஜெபப் புத்தகம், வெற்றிலைப் பை. அவ்வளவுதான்.

வேலாயுதம் உள்ளறையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்தார்.

முதலில் லூர்துவின் அண்ணன் அந்தோணி. கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை. முந்தின நாள் ரயிலில் வந்தவன்.

"காலையில எங்கே இருந்தே?"

"முன்கூடத்துல படுத்திருந்தேங்க. தூங்கினாத்தானே? இருட்டோட மத்து கடையற சத்தம். கொல்லைக் கதவுகிட்டே போய்ப் பார்த்தா, சவுரியம்மாக்கா பானை நிறைய வெள்ளை வெளேர்னு கடைஞ்சுக்கிட்டு இருக்காங்க. வெண்ணெய்தான்னு நினைச்சு ஒரு வெரல் வழிச்சு வாயில வெச்சுட்டேன்." அந்த நிலையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரே மெழுகு. அமிர்தவள்ளியக்கா அந்தச் சிரிப்பு சிரிச்சாங்க."

"அத்தை?"

"அவங்க மத்துச் சத்தம் கேக்கறதுக்கு முன்னாலேயே விடியற்காலைப் பூசைக்குக் கோயிலுக்குப் போய்ட்டாங்க. வெயில் வந்தப்புறம்தான் வந்தாங்க. வந்து குளிக்கறவங்களுக்கு வெந்நீர் போட்டுக் குடுத்தாங்க."

அடுத்து அமிர்தவள்ளி. பக்கத்து வீடு. கல்யாண வேலைக்கு ஒத்தாசையாக வந்தவள்.

"நான் இன்னாத்தைச் சொல்றதுங்க? என் தோள்பட்டையைக் கேளுங்க, அது சொல்லும். ஒரு பக்கம் கயிறு அவங்க இழுக்க, ஒரு பக்கம் நான் இழுக்க, விடியற வரைக்கும் கடைஞ்சோம். அப்புறம் ஜாடியில எடுத்து வெச்சுட்டு, மாவு அரைக்கப் போய்ட்டேன். உச்சி வரைக்கும் உரல்லேர்ந்து எழுந்திருக்கலை. லூர்து என்கூடத்தான் இருந்துச்சு."

"ஜாடியெல்லாம் எங்கே இருந்துது?"

"கொல்லை நடையில, நிழல்ல. அஞ்சு ஜாடி. நாலு கல்யாணப் பொண்ணுக்கு. நீல நூல் கட்டினது ஒண்ணு நர்ஸம்மாவோடது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போறதுக்கு."

மூன்றாவதாகப் பூவம்மாள் வந்தாள். பேச்சு நிதானமாக இருந்தது.

"அந்த நர்ஸம்மா எதுக்கும்மா இங்கே வந்தாங்க?"

"பொண்ணுக்குப் பூசறதுக்கு ஏதோ பண்றேன்னு வந்துச்சு. சந்தன வெண்ணெய்னு பேரு. பெரிய வித்தை ஒண்ணும் இல்லீங்க. நேத்து சாயங்காலம் மெழுகையும் எண்ணெயையும் அடுப்புல உருக்குச்சு. காலையில நான் கோயில்லேர்ந்து வந்து பார்க்கறேன், ஜாடியில உறைஞ்சு நிக்குது. நெய்யை ஊத்தி வெச்சா உறையாதா? அதுமாதிரிதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "பண்றதுக்கு வந்த சாக்குல வீடு முழுக்கச் சுத்திச்சு. அதைத்தான் நான் சொல்வேன். வேற யாரையும் நான் சொல்லலை."

"வெந்நீர் அடுப்புகிட்டே நீங்கதான் இருந்தீங்களா?"

"நான்தான். காலையில பூராவும்."

கடைசியாக சவுரியம்மாள். அவள் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. ஆனால் உதடு காய்ந்து போயிருந்தது.

"நீங்க பெட்டியைத் தொட்டீங்களா?"

"இல்லீங்க. பதக்கம் இருந்ததுகூட எனக்குத் தெரியாது."

"அந்தப் பூச்சை எப்படிப் பண்ணினீங்க, சொல்லுங்க."

அவள் அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். திருட்டைப் பற்றிக் கேட்க வந்தவர் இதை ஏன் கேட்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் சொன்னாள். டேனரிச் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவர்கள் கை வெடித்து ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். அவர்களுக்காகத்தான் முதலில் செய்து பார்த்தாள். இலுப்பை எண்ணெய், தேங்காய் எண்ணெய், கொஞ்சம் தேன்மெழுகு. உருக்கி இறக்கிப் பனியில் வைக்க வேண்டும். விடியற்காலைக் குளிரில் அது பாதி இறுகி நிற்கும்போது மத்துப் போட்டுக் கடைய வேண்டும்.

"கடையக் கடைய வெளுத்துப் பொங்கும். ஒரு சட்டி ரெண்டு சட்டியாகும். பஞ்சு மாதிரி இருக்கும், விரல்ல தொட்டா உடம்புல அப்படியே பரவும். சந்தனத் தைலத்தைக் கடைசியிலதான் விடணும். வாணியம்பாடி ஹயாத் பாஷா கடைத் தைலம். சூடு பட்டா வாசம் ஓடிடும்."

"ஜாடியில எவ்வளவு வெச்சீங்க?"

"அஞ்சுலயும் வாய் மட்டம் வரைக்கும் வழிச்சு வெச்சேன். வாழையிலையை மூடித் துணி கட்டினேன். என் ஜாடியை மத்தியானம்தான் நடையிலேர்ந்து எடுத்துக் கூடையில வெச்சேன். கட்டைப் பிரிக்கலை."

வேலாயுதம் எழுந்து கூடத்துக்கு வந்தார். கன்னியப்பன் கூடையைத் துழாவி முடித்திருந்தான். ஒரு துண்டு, சீப்பு, தைலச் சீசா, பீங்கான் ஜாடி.

"ஒண்ணும் இல்லீங்கய்யா. ஜாடியில பாதிதான் பூச்சு இருக்குது."

"பாதியா?"

வேலாயுதம் ஜாடியை வாங்கிப் பார்த்தார். நீல நூல் கட்டிய ஜாடி. உள்ளே பூச்சு நடுமட்டத்தில் நின்றது. மேல்பரப்பு வழவழவென்று, பளபளவென்று இருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். மெழுகு வாடைதான் முன்னால் வந்தது. சந்தனம் எங்கோ தொலைவில் இருந்தது.

"யாருக்கும்மா பாதியைக் குடுத்தீங்க?"

சவுரியம்மாள் எட்டிப் பார்த்து முகம் மாறினாள். "யாருக்கும் குடுக்கலீங்களே..."

"வித்திருக்கும்," என்றாள் பூவம்மாள்.

வேலாயுதம் கொல்லை நடைக்குப் போய் மற்ற ஜாடிகளில் ஒன்றை எடுத்து வந்தார். துணியைப் பிரித்தார். வாய் மட்டம் வரைக்கும் வெள்ளையாக, அலை அலையாக, மேகம்போல் நின்றது. வாசனை கூடம் முழுவதும் பரவியது. வலது கையில் அந்த ஜாடி, இடது கையில் நீல நூல் ஜாடி. இரண்டையும் ஏந்தியபடி சிறிது நேரம் அசையாமல் நின்றார். நிறைந்த ஜாடியும் பாதி ஜாடியும் கைக்கு ஒன்றுபோலவே கனத்தன.

"தராசு இருக்கா?"

அமிர்தவள்ளி ஓடிப்போய் அவள் வீட்டுத் தராசைக் கொண்டுவந்தாள். இரண்டு தட்டிலும் இரண்டு ஜாடி. முள் ஆடி நின்றது. பாதி ஜாடி இருந்த தட்டுதான் ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தது.

வேலாயுதம் பாதி ஜாடியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். விளிம்பில் நாலைந்து மணல் துகள் ஒட்டிக் காய்ந்திருந்தது. நேராகச் சமையலறைக்குப் போனார். மூலையில் தண்ணீர்ப் பானைகளுக்கு அடியில் ஈர மணல் பரப்பியிருந்தது. பானைகளுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில், மணலில் வட்டமாக ஒரு பள்ளம். ஜாடியின் அடிப்பாகத்தை அதில் வைத்தார். அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

திரும்பி வந்து ஒரு கரண்டி கேட்டார். பூச்சைத் தோண்டினார். உறைந்த நெய்போல் கட்டி கட்டியாக வந்தது. ஜாடியின் அடியில் கரண்டி எதிலோ இடித்தது. விரலை விட்டு எடுத்தார்.

எண்ணெய்ப் பிசுக்கோடு கெம்புக் கல் சிவந்து மின்னியது.

லூர்து ஓடிவந்து அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அமிர்தவள்ளி வாயில் கையை வைத்துக்கொண்டாள். பூவம்மாள் தம்பியைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"பார்த்தியா சாமி! அவ ஜாடியில இருக்குது! ஆஸ்பத்திரி ஜனங்களுக்கு மருந்து போடற கையா இது?"

வாசலுக்கு வெளியே கூடியிருந்த தெருக்காரர்கள் காதிலும் அது விழுந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்து பரவியது. சவுரியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பேச்சு ஆஸ்பத்திரிக்குப் போனால் அவளுடைய வேலை நாளைக்கே போய்விடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆரோக்கியசாமி அவளைப் பார்த்தார், தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றார் வேலாயுதம். "எல்லாரும் உக்காருங்க. நர்ஸம்மா, நீங்களும் உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். அவர் மட்டும் தராசின் பக்கத்தில் நின்றார்.

"இந்த ரெண்டு ஜாடியும் காலையில ஒரே மட்டத்துல இருந்துது. இப்ப ஒண்ணு பாதியாத் தெரியுது. ஆனா எடை கம்மியாகலை. அப்போ யாரும் இதுலேர்ந்து எடுக்கலை. பின்னே மட்டம் ஏன் தாழ்ந்துது? கடையும்போது உள்ளே போன காத்து வெளியே போயிருக்கு. அதாவது, யாரோ இதை உருக்கியிருக்காங்க."

"வெயில் பட்டிருக்கும்," என்றான் அந்தோணி.

"நிழல்ல இருந்த மத்த நாலும் அலுங்காம இருக்கு. இதை ஒருத்தர் வெந்நீர்ல இறக்கி வெச்சு உருக்கி, பதக்கத்தை உள்ளே போட்டு, பானையடி மணல்ல ஆற வெச்சு, திரும்ப நடையில கொண்டுபோய் வெச்சிருக்காங்க. சூடு பட்டதுல சந்தன வாசமும் போய்டுச்சு."

அவர் சவுரியம்மாள் பக்கம் கையைக் காட்டினார்.

"இவங்க எதுக்கு உருக்கணும்? பஞ்சு மாதிரி இருக்கறதுல ஒரு கரண்டியால பள்ளம் பண்ணி, பதக்கத்தை வெச்சு, மேலே வழிச்சு விட்டா முடிஞ்சுது. யாருக்கும் தெரியாது. கூட நின்னு கடைஞ்ச அமிர்தவள்ளியும் அப்படித்தான் பண்ணியிருப்பா. விரலை விட்டு ருசி பார்த்த அந்தோணியும் அப்படித்தான். உருக்கினா அமுங்கிப் போய்டும், திரும்பப் பொங்காதுன்னு இவங்களுக்கெல்லாம் தெரியும். இதை உருக்கினவங்களுக்கு அது தெரியலை. நெய் மாதிரி உருக்கி ஊத்தினா பழையபடியே உறைஞ்சுடும்னு நினைச்சிருக்காங்க. மட்டம் தாழ்ந்தப்போ பயந்திருப்பாங்க. ஆனா வேற வழியில்லை. இலையை மூடிக் கட்டிட்டாங்க."

அவர் கரண்டியை ஜாடிக்குள் திரும்பப் போட்டார்.

"மெழுகை உருக்கினதைப் பார்த்து, கடைஞ்சதைப் பார்க்காத ஆள் யாரு? ஆரோக்கியசாமியும் கடைஞ்சதைப் பார்க்கலை. ஆனா அவர் விடியறதுலேர்ந்து டேனரியில இருந்தார். மிச்சம் ஒரே ஒருத்தர். இருட்டோட கோயிலுக்குப் போனவங்க. திரும்பி வந்து காலை பூராவும் வெந்நீர் அடுப்புகிட்டே இருந்தவங்க." அவர் குரல் தணிந்தது. "நெய்யை ஊத்தி வெச்சா உறையாதான்னு என்கிட்டேயே கேட்டீங்களேம்மா."

பூவம்மாளின் விரல்கள் ஜெபமாலையில் நின்றுவிட்டன.

"அத்தை?" என்றாள் லூர்து.

பூவம்மாள் லூர்துவைப் பார்க்காமல், தம்பியைப் பார்த்துப் பேசினாள்.

"மாதா கோயில்ல மணியடிக்கற கோயில் பிள்ளை சொன்னான். நீ பங்குச் சாமியார்கிட்டே போய், பொண்ணு கல்யாணம் முடிஞ்சதும் இந்த நர்ஸைக் கட்டிக்கலாமான்னு கேட்டியாமே. இன்னொருத்தி வந்து அடுப்பைப் பிடிச்சா, லூர்துவும் போனப்புறம், இந்த வீட்ல எனக்கு இன்னா வேலை சாமி? நான் எங்கே போவேன்?" ஜெபமாலையைச் சுருட்டி மடியில் வைத்தாள். "அவளை ஜெயில்ல போடணும்னு நினைக்கலை. இந்தப் படி ஏறாம போய்ட்டாப் போதும்னுதான் பண்ணினேன்."

ஆரோக்கியசாமி தலையை நிமிர்த்தினார். "சாமியாரைக் கேட்டது நிஜம்தான்க்கா. உன்கிட்டே எப்படிச் சொல்றதுன்னு தெரியாம..."

"என்கிட்டேயும் சொல்லலையே," என்றாள் சவுரியம்மாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"சாமியாரைக் கேட்டீங்க. கோயில் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. உங்க அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு. என்னை யாருமே கேக்கலையே." அவள் குரல் உயரவில்லை. "கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். எனக்கு ஆஸ்பத்திரி வேலை இருக்கு. தங்க இடம் இருக்கு. கல்யாணம் பண்ணிக்கற எண்ணமே எனக்குக் கிடையாது. இந்தப் பேஜார் எதுவுமே வந்திருக்காது."

பூவம்மாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். இல்லாத ஒன்றுக்குப் பயந்து தான் செய்த காரியம் எத்தனை பெரியது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஆரோக்கியசாமி சப்-இன்ஸ்பெக்டரிடம் வந்து கையைக் கூப்பினார். "பொருள் கிடைச்சுடுச்சுங்க. வீட்டுக்குள்ளேயே முடிச்சுக்கறோம்."

"பொருள் உங்களுது, அதை நீங்க முடிச்சுக்கலாம். கெட்டது அவங்க பேரு. அதை முடிக்கறதா வேணாமான்னு அவங்கதான் சொல்லணும்." வேலாயுதம் சவுரியம்மாளிடம் திரும்பினார். "புகார் எழுதறீங்களாம்மா?"

அவள் யோசித்தாள். லூர்துவின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"புகார் வேணாங்க. ஆனா தெருவே கேக்கற மாதிரிதான் என்னைச் சொன்னாங்க. தெருவே கேக்கற மாதிரி அதைத் திருப்பிச் சொல்லணும். அவங்களே சொல்லணும்."

"நான் போய்ச் சொல்றேன்," என்று ஆரோக்கியசாமி எழுந்தார்.

"நீ இரு சாமி." பூவம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கன்னியப்பன் வாசல் கதவைத் திறந்தான். வெளியே அக்கம்பக்கத்துப் பெண்கள், டேனரி வேலை முடிந்து வந்த ஆட்கள், எல்லாருமாகத் தெரு அடைத்து நின்றார்கள். பூவம்மாள் படியில் நின்றாள். லூர்து பின்னாலேயே வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சவுரியம்மா எடுக்கலை," என்றாள் பூவம்மாள். "நான்தான் எடுத்து அவ ஜாடியில போட்டேன். அவ மேல பழி வரணும்னு போட்டேன். அவ கை சுத்தமான கை."

ஒருவரும் சத்தம் போடவில்லை. அதுவே அவளுக்குத் தாங்க முடியாமல் போயிற்று. அப்படியே படியில் உட்கார்ந்தாள். ஆரோக்கியசாமி அருகே குனிந்தார். "எந்திரிக்கா. நான் யாரைக் கட்டினாலும் கட்டாட்டியும் இது உன் வீடுதான். முன்னாலேயே நான் சொல்லியிருக்கணும்."

லூர்து அத்தையின் கன்னத்தைத் துடைத்தாள். அவள் மனது இன்னும் ஆறவில்லை. அது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் பிடித்த கையை அவள் விடவில்லை. "நாளைக்குக் கோயில்ல நீ என் பக்கத்துலதான் நிக்கணும். வேற யாரு நிப்பாங்க?"

சவுரியம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஆரோக்கியசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைக் கடந்து லூர்துவிடம் நின்றாள்.

"ராத்திரி டூட்டி இருக்கு. காலையில முடிச்சுட்டு நேரா கோயிலுக்கு வர்றேன். உனக்காக வர்றேன்."

அவள் நடந்தாள். அவளுக்காகத் தெரு இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. பெண்களில் ஒருத்தி தன் வெடித்த உள்ளங்கையை நீட்டி, ஆஸ்பத்திரியில் எப்போது வந்தால் பார்க்கலாம் என்று கேட்டாள். சவுரியம்மாள் அந்தக் கையைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நின்று பதில் சொன்னாள்.